சர்க்குலர்தான் முதல் வேலை

கேள்வி: எங்க காலேஜ் வெப்சைட்ட புதுசா பண்றாங்க, பார்வையில்லாத பசங்களுக்கும் யூஸ் ஆகணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது சார்?
– ஒரு விரிவுரையாளர், மதுரை

பதில்: டிசைன் கிடக்கட்டும், சர்க்குலர பாருங்க. சீல் வச்சு ஸ்கேன் பண்ணி ஏத்துற பிடிஎஃப் வெறும் போட்டோதான், என்விடிஏ மாதிரி, திரையில இருக்கற எழுத்த வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடருக்கு அதுல படிக்க எழுத்தே கிடைக்காது, கேட்டா ஒரிஜினல் வேணும்லம்பாங்க, சரி இருக்கட்டும், கூடவே டைப் பண்ண டெக்ஸ்டையும் போடுங்க. இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் உருவத்த ஒட்டின பழைய பாமினி ஃபாண்ட்ல அடிச்ச ஃபைல, எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாத்தலன்னா மெஷினுக்கு 'அம்மா'ங்கறது எம், கே, செமிகோலன், கே, எச்! டெண்டர்லயே இதெல்லாம் எழுதிடுங்க, அப்புறம் ஒட்டுப்போட்டா டபுள் செலவு. என்விடிஏ ஃப்ரீதான், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டு, மவுஸ தொடாம ஃபீஸ் கட்ட முடியுதான்னு பாருங்க. யாராவது இழுத்தடிச்சா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42-வது பிரிவ காட்டுங்க.