இருபது வருடம் ஒரே மாதிரி பாடம் நடத்திய ஆசிரியர் புது முறைக்கு மாற முடியுமா?

முடியும். ஆனால் சுற்றறிக்கை வந்துவிட்டது என்பதற்காக எந்த ஆசிரியரும் மனசு மாறி நான் பார்த்ததில்லை. அரசுத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செயல்வழிக் கற்றல், அதாவது நாங்கள் ஏபிஎல் என்று சொல்வது, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து 2007-08இல் தமிழ்நாடு முழுக்க வந்தது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் உருவாக்கிய அட்டை முறைதான் அதற்கு மூலம். நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு வாத்தியாரும் பாயில் உட்கார வேண்டும், ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை பிள்ளைகள் கலந்திருப்பார்கள், சுவரில் எந்த அட்டைக்குப் பிறகு எது என்று படம் படமாகக் காட்டும் ஏணிப்படி, தட்டுகளில் அட்டைகள், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை. "அட்டையை எடுத்து அதுங்களே படிச்சுக்கும்னா நமக்கு எதுக்குச் சம்பளம்?" என்று சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலேயே மூத்தவர்கள் கேலி பேசினார்கள். பயிற்சி முடிந்த பிறகும் பேச்சு அதேதான்.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் நான் பார்த்த ஒரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. செங்கல் சூளைக்குப் போன குடும்பம் ஒன்று சில மாதம் கழித்துத் திரும்பியிருந்தது. அப்படி வரும் பிள்ளையைப் பழைய முறையில் கடைசி வரிசையில் உட்கார வைப்போம், ஏனென்றால் பாடம் அதற்குள் எங்கேயோ போயிருக்கும். இங்கே அந்தப் பெண் நேராகச் சுவருக்குப் போய், தான் கடைசியாக எந்தப் படத்தில் நின்றாள் என்று ஏணிப்படியில் விரலை வைத்துத் தேடி, அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த டீச்சரிடம்தான் அப்புறம் போய்க் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன், பயிற்சி ஏட்டில் இல்லாததெல்லாம் அவரிடம் இருந்தது.

குறையே இல்லையா என்றால், நிறைய. நடுவில் ஒரு அட்டை தொலைந்தால் அந்தப் படியில் நாலு பிள்ளைகள் தேங்கி நிற்பார்கள், ஒரே ஆசிரியர் எல்லாக் குழுவையும் பார்க்கும் பள்ளியில் மதியத்துக்குள் தொண்டை வற்றிவிடும். வாய்பாட்டையும் சேர்ந்து பாடுவதையும் நான் கடைசிவரை விடவில்லை, அதை விடச் சொன்ன அதிகாரிகளிடம் வாதாடியும் இருக்கிறேன். மாறுவது என்றால் கையில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு நிற்பது என்று யார் சொன்னது?

2022இல் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பது ஏபிஎல் பார்த்தவர்களுக்குப் பெரிய அதிசயமாக இல்லை. எங்களைப் போன்றவர்களைத் திணறடித்தது செல்போன்தான். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், வருகைப் பதிவு போடுவதைப் புதிதாக வந்த தம்பி ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார், பதிலுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அழாமல் உட்கார வைப்பது எப்படி என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். சரியான பண்டமாற்று.

நீங்களும் ஆசிரியர் என்றால், அடுத்த பயிற்சியில் பவர்பாயிண்ட் ஓடி முடிந்ததும் "இதை நல்லா நடத்துற பள்ளி நம்ம ஒன்றியத்துல எது?" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். யாருக்குமே பெயர் தெரியவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், ஒரே ஒரு பாடத்தில் மட்டும் செய்து பாருங்கள்.