காய்ச்சல் என்று சொல்ல முடியாத காய்ச்சல்

அன்புள்ள அக்காவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை உடம்பு சரியில்லை என்று வேலைக்கு விடுப்பு சொன்னேன். பெரிய காய்ச்சலெல்லாம் இல்லை. எழுந்ததும் தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்தேன், 37.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. தொண்டையில் கரகரப்பு, முதுகில் ஒரு வலி, அவ்வளவுதான். நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கப்போகிறோம், பாதியில் நிற்கும் புத்தகத்தை முடித்துவிடலாம், அலமாரியை அடுக்கிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. படுப்பதும் எழுவதுமாகவே பொழுது போய்விட்டது. சாயங்காலம் மனசு ரொம்பக் குறுகுறுத்தது. நிஜமாகவே உடம்புதான் சரியில்லையா, இல்லை சோம்பலுக்கு ஒரு சாக்கு கண்டுபிடித்துவிட்டேனா? உங்களுக்கு இப்படி நாட்கள் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

உண்டு. உங்கள் கடிதம் வந்த அன்றே எனக்கும் அப்படி ஒரு நாள்தான், அதனால்தான் பதில் தாமதம்.

முதலில் அந்த 37.4. உடம்பின் இயல்பான வெப்பம் 37 டிகிரி என்று நாம் மனப்பாடமாகச் சொல்வது 1868-ல் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மானிய மருத்துவர் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. 1992-ல் 148 ஆரோக்கியமானவர்களுக்கு வாயில் வைத்து அளந்து பார்த்தபோது சராசரி 36.8 என்று வந்தது. அதைவிட முக்கியம், உடம்பு நாள் முழுக்க ஒரே சூட்டில் இருப்பதில்லை. விடியற்காலையில் குறைந்து மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் உச்சத்துக்குப் போகிறது. ஆகவே அந்த ஆய்வாளர்கள் காலை நேரத்துக்கு மட்டும் தனியாக ஒரு வரம்பு சொன்னார்கள்: 37.2-க்கு மேல் போனால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுந்தவுடன் பார்த்தது 37.4. சாயங்காலம் அதே எண் வந்திருந்தால் அது ஒன்றுமே இல்லை. காலையில் வந்ததால், அந்தக் கணக்குப்படி, உங்களுக்குக் காய்ச்சல்தான் அடித்திருக்கிறது.

சரி, புத்தகம் ஏன் ஓடவில்லை? கிருமி உள்ளே வந்ததும் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன, அவற்றில் இன்டர்லூகின்-1 போன்ற சில, மூளைக்கும் சேதி கொண்டுபோகின்றன. அசதி, பசியில்லாமை, யாரோடும் பேசப் பிடிக்காமல் போவது, வாசித்த வரியையே மறுபடி வாசிப்பது எல்லாம் அங்கிருந்து வருகிறவை. பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் 1988-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோய் வந்த விலங்கு தின்னாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடப்பது நோயிடம் அது தோற்றுவிட்டதால் அல்ல, நோயை எதிர்க்க அதன் உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு என்றார். உடல் வெப்பம் ஒரு டிகிரி ஏறவே வழக்கத்தைவிடப் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் கூடுதல் சக்தி செலவாகிறது. அந்தச் சக்தியை உடம்பு எங்கிருந்து எடுக்கும், சொல்லுங்கள்? அலமாரி அடுக்குவதிலிருந்துதான் எடுக்கும். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

என் நாளைச் சொல்கிறேன். பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாக ஒரு முழ அகலத்துக்கு வெயில் தரையில் விழுந்திருந்தது. கட்டில் காலுக்குப் பக்கத்தில் இருந்த அது, நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் கதவோரம் போய்விட்டது. இடையில் தூங்கினேனா என்றுகூடத் தெரியவில்லை. போர்வையை இழுத்தால் வியர்க்கிறது, விலக்கினால் நடுங்குகிறது. (மூளை தன் வெப்ப அளவை மேலே ஏற்றி வைத்துவிடுகிறது, உடம்பு அதை எட்டும்வரை நமக்குக் குளிர்கிறது, அதுதான் அந்த நடுக்கம்.) தலையணையைப் புரட்டிப் போட்டதும் அடிப்பக்கத்தின் சில்லிப்பு கன்னத்தில் படுமே, அதற்காகவே நாலைந்து தடவை புரட்டினேன். வழக்கமாக அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை. குளிர்சாதனப்பெட்டி நடுவில் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்குவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சில வருஷம் முன்பு இப்படியொரு நாளில் பிடிவாதமாக உட்கார்ந்து ஒரு கட்டுரையை முடித்தேன், ராத்திரி வரை. மறுநாள் எடுத்துப் பார்த்தால் மூன்றாம் பத்தியில் சொன்னதையே ஆறாம் பத்தியிலும் சொல்லியிருந்தேன். முழுக்கக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அப்புறம் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னைச் சங்கடப்படுத்தியது அந்தக் குறுகுறுப்புதான். அது வந்த நேரத்தைக் கவனித்தீர்களா? சாயங்காலம். உடம்பு சூடு ஏறுகிற நேரம், வெளிச்சம் போகிற நேரம், வேலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிற நேரம். அந்த நேரத்தில் நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் தீர்ப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் அதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில்தான் வருகிறது.

ஒன்று மட்டும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ என்னைப் போன்றவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பாதியில் நிற்கும் புத்தகம் எது என்று எழுதவில்லையே. தேறியதும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா