பிரெக்ஸிட் பேச்சுவார்த்தைகளின்போது பிரிட்டன் தலைவர்களின் பேச்சு எப்படியெல்லாம் மாறியது?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப் பேசிய அந்த நான்கு வருடமும் விடாமல் கவனித்தவன் நான். எல்லாவற்றையும் சொன்னால் நீண்டுவிடும், 'நோ டீல்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன். ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது என்று பொருள்.

2017 ஜனவரியில் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் பேசிய அன்றைய பிரதமர் தெரசா மே, மோசமான ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தமே இல்லாதது மேல் என்றார். அன்று அது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸுக்கு விட்ட மிரட்டல். விலை படியாவிட்டால் எழுந்து போய்விடுவேன் என்கிற தோரணை. மே மாதத்தில் அவருடைய பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸ், எதை முதலில் பேசுவது என்பதற்கே கோடையில் பெரிய சண்டை நடக்கும் என்றார். ஜூனில் பேச்சு தொடங்கிய முதல் நாளே ஒன்றியம் சொன்ன வரிசைக்குச் சரி என்றுவிட்டார்.

2018 நவம்பரில் ஒப்பந்த வரைவு தயாரானதும் அதே சொல் உள்பக்கமாகத் திரும்பியது. இந்த ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால் நோ டீல், அல்லது பிரெக்ஸிட்டே நடக்காமல் போகலாம் என்று மே தன் கன்சர்வேட்டிவ் கட்சி எம்.பி.க்களையே எச்சரித்தார். அவர்கள் அசையவில்லை. 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தில் அந்த ஒப்பந்தத்தின் மீதான வாக்கு முடிவை நேரலையில் பார்த்தேன். ஆதரவு 202, எதிர்ப்பு 432. எண்ணைத் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று இன்னொரு சேனலைத் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

அப்புறம் பிரதமராக போரிஸ் ஜான்சன் வந்தார். வாழ்வோ சாவோ, அக்டோபர் 31க்குள் வெளியேறுவோம் என்றார். நோ டீலைத் தடுக்க நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கு 'சரணடைதல் சட்டம்' என்று பெயர் வைத்தார். அதாவது, நோ டீலை எதிர்ப்பவர் துரோகி. 2020-ல் அதே நிலைமைக்கு 'ஆஸ்திரேலியா பாணி' என்று புதுப்பெயர். ஆஸ்திரேலியாவுக்கு அப்போது ஒன்றியத்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தமே கிடையாது!

இதில் என் மனதை மிகவும் உறுத்துவது வட அயர்லாந்துதான். 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு அயர்லாந்துக் குடியரசோடு உள்ள எல்லைச் சாலைகளில் ராணுவச் சோதனைச் சாவடிகள் போய், மக்கள் நிம்மதியாக வந்துபோனார்கள். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் எடை அதிகம். 2018 நவம்பரில் பெல்ஃபாஸ்டில், பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் வட அயர்லாந்துக் கட்சியான டி.யு.பி.யின் மாநாட்டுக்குப் போன ஜான்சன், வட அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே கடலில் சுங்க எல்லை வைக்க எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் சம்மதிக்காது என்று அழுத்திச் சொன்னார். கைதட்டல் வாங்கினார். பதினோரு மாதத்தில், பிரதமராக, அதே ஏற்பாட்டுக்குச் சம்மதம் கொடுத்தார். அப்போதாவது, வேறு வழி தெரியவில்லை, விட்டுக்கொடுத்தோம் என்று அந்த மக்களிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். மாறாக, 2019 டிசம்பர் தேர்தல் பிரசாரத்தில், சரக்குகளுக்குச் சோதனையே இருக்காது என்றார். 2021 ஜனவரியில் பிரிட்டனிலிருந்து லாரிகள் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட், லார்ன் துறைமுகங்களில் வந்து இறங்கியபோது, உணவுப் பொருள்களுக்கான சோதனைகள் அங்கே தொடங்கியிருந்தன.