பிள்ளை பிறந்து மூன்று வாரம், காரணமில்லாமல் அழுகை வருகிறது, உடம்பும் பழைய மாதிரி இல்லை. எல்லாருக்கும் இப்படித்தானா? எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

மூன்று வாரம் என்று எழுதியிருப்பதால் நேராகவே சொல்கிறேன், தங்கச்சி. நாளைக்கே மிட்வைப் மிஸ்ஸிடம் பேசுங்கள். நான் இலங்கையில் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா, அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம், பார்க்கிறவள், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா.

மூன்றாம் நாள் போல வருகிற அழுகை வேறு. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கர்ப்பத்தில் ஏறியிருந்த ஹோர்மோன்கள் சட்டென்று இறங்கிவிடும். அதே நாட்களில் பால் கட்டி மார்பு கனக்கும், தூக்கமும் இருக்காது. மாமியார் சோற்றில் கொஞ்சம் அதிகமாகக் குழம்பு ஊற்றிவிட்டார் என்று நான் அழுதிருக்கிறேன். தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது வரும், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்குப் பிறகும் நீடித்தால், பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைப் பார்த்தும் மனதில் ஒன்றும் தோன்றாவிட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன.

லயம் என்கிற வரிசை வீட்டில் நம் அழுகை நாலு காம்பரா தள்ளிக் கேட்கும். "பச்சை உடம்போட வெளிய நின்னா, பார்வ பட்டிருச்சு" என்று மந்திரித்து நூல் கட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவருவார்கள். நூல் கட்டட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. கட்டிக்கொண்டு கிளினிக்குக்கும் போங்கள். எடின்பரோ அளவை என்று பத்துக் கேள்விகள் உள்ள தாள் ஒன்று இருக்கிறது, கடந்த ஏழு நாள் மனம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வி, உங்களையே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக அதற்கு மட்டும் பொய் சொல்லாதீர்கள். அப்படி எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணுக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

உடம்பில் இப்போது வருகிற மாற்றங்களில் பெரும்பாலானவை வழக்கமானவைதான். பால் கொடுக்கும்போது அடிவயிறு முறுக்குவது கர்ப்பப்பை சுருங்குவதால். பிரசவம் முடிந்த கையோடு கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும் அது, ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டாவது பிள்ளைக்கு இந்த வலி கூடுதல், நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பால் கொடுத்தேன். உதிரம் சிவப்பிலிருந்து பழுப்பாகி வெளிறி, நாலு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். இந்தக் குளிரிலும் இரவில் வேர்த்து சட்டை நனைகிறதா? உடம்பில் தேங்கிய தண்ணீர் வெளியேறுகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலோ, உதிரம் நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மங்கித் தலை வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பத்தியத்தில் மருந்துச் சரக்குகள் அவித்த சரக்குத் தண்ணி, வெள்ளைப்பூடு எல்லாம் சாப்பிடுங்கள். "தண்ணி குடிச்சா வயிறு பெருக்கும்" என்பதை மட்டும் கேட்காதீர்கள். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும், தையல் போட்டவர்களுக்கு அது பெரிய அவஸ்தை.

வேலை விஷயம். சட்டப்படி பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக 12 வார விடுப்பு, 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதேதான். திரும்பும் சமயத்தில்தான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், சில மாதத்தில் நின்றுவிடும். மலை ஏறும்போதோ இருமும்போதோ மூத்திரம் கசிந்தால், அடக்குகிற தசையை இறுக்கி விடும் பயிற்சியை மிஸ்ஸிடம் கேட்டுப் பழகுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை உண்டு, பிள்ளைக் காம்பரா இருக்கிற தோட்டத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். வேலையைக் கணக்குப் பார்க்கிற கணக்கப்பிள்ளை முகம் சுளித்தாலும் வந்துவிடுங்கள், பால் கட்டினால் மார்பு சிவந்து காய்ச்சலில் விழுத்தும். முதல் மாதம் ஏற்றமான மலைக்கு அனுப்ப வேண்டாம் என்று வேலைக்கு ஆள் பிரிக்கிற கங்காணியிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் கேட்ட சிலருக்குக் கிடைத்திருக்கிறது.