பள்ளி மாறிய பிறகும் பொறுப்பு யாருடையது?

நிறத்துக்காகவும் பிறந்த நாட்டுக்காகவும் பள்ளியில் சீண்டப்பட்ட பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிய அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் கேட்டவை இவை. நான் வழக்கறிஞர் இல்லை. இப்படிப்பட்ட பெற்றோருக்குப் பள்ளிக் கூட்டங்களில் துணையாக உட்காருகிறவள்.

அக்கா, மகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். பழைய பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கைகழுவிவிடலாமா?

முடியாது. கூட்டரசின் பணம் வாங்கும் பள்ளி மாவட்டத்தை 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி கட்டுப்படுத்துகிறது: நிறம், பிறந்த நாடு பார்த்துப் பாகுபாடு கூடாது. பிள்ளை வெளியேறியதால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் பழைய பள்ளியின் நடைமுறையைத் திருத்தச் சொல்லி உத்தரவு வாங்குவது கடினம். மகள்தான் அங்கே இல்லையே. இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அந்தத் தடை இல்லை.

எதை நிரூபிக்க வேண்டும்?

1999இல் மன்ரோ கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது: சீண்டல் கடுமையானதாக, பரவலானதாக, படிப்பையே கெடுப்பதாக இருக்க வேண்டும், பள்ளிக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அலட்சியமாக இருந்திருக்க வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது “தெரிந்திருக்க வேண்டும்” என்ற இடத்தில்தான். கார் நிறுத்துமிடத்தில் ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று நம்புகிறோம். முதல்வருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் நகல் அனுப்புங்கள். தேதி, இடம், பிள்ளை கேட்ட வசை எல்லாம் அதில் இருக்கட்டும். “மரியாதைக் குறைவாகப் பேசினார்கள்” என்று பூசி மெழுகாதீர்கள். அந்தக் கெட்ட வார்த்தையையே எழுதுங்கள்.

ஒவ்வொரு முறையும் அந்தப் பையன்களைத் தண்டித்தார்களே. அது போதாதா?

நியூயார்க் மாநிலத்தின் பைன் ப்ளெயின்ஸ் மாவட்டமும் இதைத்தான் சொன்னது. 2005 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். மூன்றரை ஆண்டுகள் நிற வசை, அடி, தூக்கில் தொங்கவிடுவோம் என்ற மிரட்டல். ஒருவனை இடைநீக்கம் செய்தால் அடுத்தவன் தொடங்கினான். மாணவனுடன் கூடவே நடக்க ஓர் ஆளை இலவசமாக அனுப்புகிறோம் என்று வெளியிலிருந்து சொன்னபோதும் மாவட்டம் ஏற்கவில்லை. நடுவர் குழு (ஜூரி) பன்னிரண்டரை லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது; நீதிபதி அதைப் பத்து லட்சமாகக் குறைத்தார்; 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பலிக்காத மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பதும் அலட்சியம்தான்.

அந்தத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். இத்தகைய சட்டங்களின்கீழ் மன உளைச்சலுக்கு மட்டும் இழப்பீடு கேட்கும் வழியை 2022இல் உச்ச நீதிமன்றம் பெரிதும் அடைத்துவிட்டது. மனநல ஆலோசனைக்கும் டியூஷனுக்கும் கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

தனியார் பள்ளிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையென்றால் வாய்ப்பு அதிகம். நியூயார்க் நகரில் ஒரு சிறுமியின் கல்வித் திட்டக் கூட்டத்தில், அவள் படும் சீண்டலைப் பற்றிப் பெற்றோர் பேச முயன்றபோதெல்லாம் பள்ளி மறுத்தது. 2016இல் கட்டணம் பெற்றோருக்குத் திரும்பக் கிடைத்தது. மற்றப் பிள்ளைகளுக்கு இது கடினமான பாதை.

முதல்வரே “நீங்கள் வேறு பள்ளிக்குப் போங்களேன்” என்கிறார்.

அடிபட்டவனை ஊரைவிட்டுப் போகச் சொல்லும் பஞ்சாயத்துதான் இது. பிரித்துவைப்பதன் சுமை பாதிக்கப்பட்ட பிள்ளையின் தலையில் விழக் கூடாது என்று கூட்டரசுக் கல்வித் துறை 2010இலேயே பள்ளிகளுக்கு எழுதியது. யோசனை பள்ளியுடையது என்றால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெக்சஸில் இருப்பவர்களுக்கு: சீண்டலுக்கு ஆளான பிள்ளைக்கு அங்கே மாற்றம் கேட்கும் உரிமை உண்டு, ஆனால் புதிய பள்ளிக்குப் பஸ் விடும் கடமை மாவட்டத்துக்கு இல்லை.

சீண்டியவன் இன்னொரு தமிழ்ப் பையன். சாதியைக் கேட்டிருக்கிறான்.

கூட்டரசுச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை; வம்சாவளி என்ற வாதத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதாவை 2023இல் கலிபோர்னியா ஆளுநர் திருப்பி அனுப்பியபோது, இருக்கும் சட்டமே போதும் என்றார். புகாரில் “சாதி” என்று மட்டும் எழுதினால் முதல்வருக்குப் புரியாது. இரண்டு வரியில் விளக்குங்கள். அந்தப் பையன் அந்தக் கேள்வியைப் பள்ளியில் கற்றிருக்க மாட்டான்.

எத்தனை நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்?

கூட்டரசுக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்கு என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து 180 நாள். வழக்கறிஞர் தேவையில்லை. 2025 மார்ச்சில் அதன் 12 கிளைகளில் ஏழு கிளைகளை மூடுவதாக அறிவித்தார்கள். எனவே மாநில அரசிடமும் ஒரு புகார் போட்டுவையுங்கள். பிள்ளையின் பள்ளிப் பதிவேடுகளை இன்றே எழுதிக் கேளுங்கள். 45 நாளுக்குள் உங்களுக்குக் காட்டியாக வேண்டும்.