பேச்சும் பத்திரமும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வடக்கு வர்ஜீனியாவில், ஆஷ்பர்னில் இருக்கிறேன். மகளுக்குப் பள்ளியில் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அலுவலகத்தில் இந்த ஊர்க்கார நண்பர் ஒருவர், “அது அடிமைமுறைக்காக நடந்த போரே இல்லை, மாநில உரிமையும் சுங்கவரியும்தான் காரணம்” என்று அடித்துச் சொல்கிறார். லிங்கனே பதவியேற்பு உரையில், அடிமைமுறை இருக்கும் மாநிலங்களில் அதைத் தொடமாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்புறம் தெற்கு ஏன் பிரிந்தது? மேற்கே யாருமே இல்லாத வெற்று நிலத்துக்காகவா இத்தனை லட்சம் பேர் செத்தார்கள்? இன்னொன்று, நம்மூரில் இல்லாத பண்ணையடிமையா? நாம் எந்த முகத்தோடு அவர்களைக் குறை சொல்வது? சுருக்கமாகவாவது பதில் எழுதுங்கள்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சுருக்கமாக எழுத எனக்கு வராது. தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் ஓரமாக வைக்கிறேன், எரிச்சல் அதில்தான். நம்மூரில் இருந்தது. அடிமைமுறைக்கு எதிரான 1843இன் ஐந்தாம் சட்டம் வரைக்கும் சட்டப்படியே இருந்தது, அதற்குப் பிறகு வேறு பெயர்களில் இருந்தது. அதைப் பற்றி உட்கார்ந்து எழுதுங்கள், முதல் ஆளாகப் படிக்கிறேன். ஆனால் உங்களுக்கு அது ஞாபகம் வருவது அமெரிக்க அடிமைமுறை பற்றிப் பேசும்போது மட்டும்தான் என்றால், அது நம் பண்ணையாட்கள் மேல் உள்ள அக்கறை இல்லை. வாயடைக்க ஒரு துணி, அவ்வளவுதான்.

அடுத்து அந்த “யாருமே இல்லாத வெற்று நிலம்”. படித்த பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது? தெற்கே மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தி மண்ணில் சோக்டா, சிக்கசா என்ற பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சோளம் விதைத்து வாழ்ந்தார்கள். 1830இல் ‘டான்சிங் ராபிட் கிரீக்’ ஓடைக்கரையில் ஓர் ஒப்பந்தம் போட்டு, சோக்டாக்களிடமிருந்து மட்டும் ஏறக்குறைய 1.1 கோடி ஏக்கரை அமெரிக்க அரசு எழுதி வாங்கியது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மிசிசிப்பியில் இருந்த அடிமைகள் 65,659 பேர். 1840இல் 1,95,211. பத்தே ஆண்டில் மூன்று மடங்கு. இது பிள்ளைப் பேற்றினால் வந்த பெருக்கமா? கொண்டுவந்து இறக்கியது.

எங்கிருந்து இறக்கினார்கள் என்பதுதான் நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்த விஷயம். உங்கள் கடிதம் சரியாக அதில் வந்து விழுந்தது.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். வாசல் வேப்பமரத்தடியில் நின்று அண்ணன் தங்கை பாசத்தைப் பற்றி அரைமணி நேரம் உருகிப் பேசிவிட்டு, உள்ளே வந்து அதே தங்கையிடம், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்களை வேலைக் காலம் முழுக்கப் பார்த்தேன். ஒருத்தி, கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் “அண்ணே, இது எந்த வயல்?” என்று கேட்டாள். அண்ணன் அதற்குள் வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து யார் என்ன பேசினாலும் எனக்கு முழுதாக நம்பத் தோன்றுவதில்லை. எழுதிக் கொடுத்தது என்ன என்றுதான் கேட்பேன்.

முன்னாள் அதிபர், வர்ஜீனியாப் பண்ணையார் ஜெஃபர்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1820இல் மிசௌரி உடன்பாடு வந்தது: மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம், மற்ற மேற்கு நிலத்துக்கு 36 பாகை 30 கலையில் ஒரு கோடு, அதற்கு வடக்கே அடிமைமுறை கூடாது. இந்தத் தகராறு நள்ளிரவில் அடிக்கும் தீ மணி போலத் தன்னைத் திடுக்கிட வைத்தது என்று அவர் ஏப்ரலில் ஒரு கடிதம் எழுதினார். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், உங்கள் மகளின் புத்தகத்திலும் இருக்கும். அதே ஆண்டு ஜூனில் தன் மருமகனுக்கு இன்னொரு கடிதம் எழுதினார். இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை பெறும் பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட லாபமானவள், ஏனென்றால் அவள் தருவது மூலதனத்தில் சேர்கிறது என்று. அது பாடப்புத்தகத்தில் இருக்காது. அவர் கடனோடு செத்தார். 1827 ஜனவரியில், கடனை அடைக்க, அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் 130 பேரை ஏலத்துக்கு விட்டார்கள்.

வர்ஜீனியாவின் கணக்கு இதுதான். புகையிலை போட்டுப் போட்டு மண் சத்திழந்து போயிருந்தது. 1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் இறக்கத் தடை. அதனால் ஏற்கெனவே இங்கே இருந்தவர்களுக்கு விலை கூடியது. மேற்கே பருத்திக்கு ஆள் வேண்டும். ஆக, பழைய மாநிலத்தின் விளைச்சல் மனிதர்கள். புதிய மாநிலம் அதற்குச் சந்தை. புரட்சிக் காலத்துக்கும் உள்நாட்டுப் போருக்கும் நடுவே ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இப்படித் தென்மேற்கே கொண்டுபோகப்பட்டார்கள்.

நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து அலெக்சாண்ட்ரியாவின் டியூக் தெரு 1315ஆம் எண் வீடு காரில் ஒரு மணி நேரம்கூட இருக்காது. போயிருக்கிறீர்களா? மாட்டீர்கள், காஸ்ட்கோ கடை வேறு பக்கம். மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் போனேன். மூன்று மாடிச் செங்கல் வீடு. 1828 முதல் அது ஃபிராங்க்ளின் அண்டு ஆர்ம்ஃபீல்டு என்ற, அடிமைகளை வாங்கி விற்கும் கூட்டு வியாபாரத்தின் அலுவலகம். ஆர்ம்ஃபீல்டு இங்கே வாங்குவார், ஃபிராங்க்ளின் தெற்கே நாட்செஸிலும் நியூ ஆர்லியன்ஸிலும் விற்பார். உச்சத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல். ஒரு பங்கு கால்நடையாக, ஆண்கள் சங்கிலியில் ஜோடி ஜோடியாக. மறு பங்கு சொந்தக் கப்பலில். ஒரு கப்பலுக்கு ‘ஐசக் ஃபிராங்க்ளின்’ என்று முதலாளியின் பெயரையே வைத்திருந்தார்கள்.

அந்தக் கப்பல்களின் சரக்குப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. கோடு போட்ட தாளில் பெயர், ஆணா பெண்ணா, வயது, உயரம், நிறம், அனுப்புகிறவர், பெறுகிறவர். உயரம் அடியிலும் அங்குலத்திலும் தனித்தனிக் கட்டத்தில். கைக்குழந்தைக்கும் அந்தக் கட்டம் உண்டு. அடியில் கப்பல் தலைவனும் அனுப்புகிறவரும் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும், இவர்களில் யாரும் 1808க்குப் பிறகு நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டவர் இல்லை என்று. சட்டத்தை மதிக்கிறவர்கள், பாவம். நியூ ஆர்லியன்ஸில் கிரயப் பத்திரம் எழுதுகிறவர், சட்டம் சொல்லும் நோயும் துர்க்குணமும் இல்லை என்று உத்தரவாதம் எழுதுவார். நாங்கள் ‘யாதொரு வில்லங்கமும் இல்லை’ என்று எழுதுவோமே, அந்த இடத்தில்.

கிரயம் பாதிதான் செந்தில், அடமானம் மறுபாதி. லூசியானாவில் தோட்டக்காரர்கள் சேர்ந்து 1827இல் தொடங்கிய வங்கி, நிலத்தோடு ஆட்களையும் ஈடாக எடுத்துக்கொண்டது. அதன் கடன் பத்திரங்களை லண்டனில் விற்றுக் கொடுத்தது பேரிங்ஸ் நிறுவனம். இந்தக் கடனில் இன்னும் நிலம், இன்னும் ஆள். அந்த ஆள் மேல் மறுபடியும் கடன். ஈடு வைத்த பொருளின் விலை சரிந்தால் என்ன ஆகும் என்று ஐ.டி.க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? விலை சரியாமல் இருக்க வேண்டுமானால் மேற்கே சந்தை விரிந்துகொண்டே இருக்க வேண்டும். இது என் ஊகம் இல்லை. 1829இல் வர்ஜீனியா அரசியல் சட்ட மாநாட்டில் ஏபெல் அப்ஷர் என்ற நீதிபதி, டெக்சாஸ் கைக்கு வந்தால் அடிமை விலை ஏறும் என்று வெளிப்படையாகவே பேசினார். அந்த ஆண்டுதான் மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்து ஆணை போட்டது. டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் நிலம். அதே அப்ஷர் பின்னாளில் வெளியுறவு அமைச்சராகி, டெக்சாஸை இணைக்கும் பேச்சுவார்த்தையை நடத்தினார்.

இப்போது லிங்கனுக்கு வாருங்கள். இருக்கும் இடத்தில் தொடமாட்டேன் என்றார், உண்மை. புதிய பிரதேசங்களில் பரவ விடமாட்டேன் என்றும் சொன்னார், அதை உங்கள் நண்பர் விட்டுவிட்டார். பிரிந்துபோகும்போது மிசிசிப்பி தன் காரண அறிக்கையில் தொகையையே எழுதியது: அடிமைகள் என்ற 400 கோடி டாலர் சொத்து பறிபோகும் என்று. இதைவிடப் பச்சையாக யார் எழுதுவார்கள்?

மாநில உரிமையாம். தப்பி வந்தவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1850இன் தப்பியோடிய அடிமைச் சட்டம், வடக்கே பாஸ்டன் தெருவில் மத்திய அரசின் படையை இறக்கியது. 1854இல் ஆன்டனி பர்ன்ஸ் என்ற இளைஞரைக் கப்பலேற்ற, சிப்பாய்கள் வரிசை கட்டி நின்றார்கள். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. ஆளைத் திருப்பி அனுப்பத் தீர்ப்பளித்தால் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5. எழுத்துவேலை அதிகமாம்! எழுத்தர் உத்தியோகம் பார்த்தவளிடம் சொல்கிறார்கள். இந்தச் சட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று வடமாநிலங்களைப் பெயர் சொல்லித் திட்டுகிறது தென் கரோலினாவின் பிரிவினை அறிக்கை. அந்த வடமாநிலங்களுக்கு உரிமை கிடையாதா?

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1877 முதல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு மெதடிஸ்ட் பத்திரிகை ‘தொலைந்த நண்பர்கள்’ என்று ஒரு பகுதி வெளியிட்டது. விடுதலையானவர்கள் ஆசிரியருக்கு எழுதிய கடிதங்கள். சந்தாதாரருக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். போதகர்கள் ஞாயிறு ஆராதனையில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று வேண்டுகோள். அம்மாவை, தம்பியை, விற்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிறார்கள். அடையாளமாக என்ன சொல்கிறார்கள் தெரியுமா? யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஊரில், அவர் செத்ததும் எந்த மகனுக்கு. பட்டா மாறிய வரிசை முழுவதும், பலருக்கு எழுதப் படிக்கக்கூட விடாத நிலையில், நெஞ்சுக்குள்ளேயே மூலப்பத்திரமாக இருந்திருக்கிறது. இரவில் கணினியில் இவற்றைப் படிக்க ஆரம்பித்து, மகள் வந்து கணினியை அணைத்துவிட்டுப் படுக்கச் சொன்னாள்.

உங்கள் மகளை டியூக் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நண்பரையும் கூப்பிடுங்கள், வந்தால்.

சுங்கவரி விட்டுப்போயிற்று. 1857இல் தென்னவர்கள் ஆதரவோடுதான் வரியைக் குறைத்தார்கள். அதை உயர்த்திய மோரில் சட்டம் செனட்டில் தேறியது 1861 பிப்ரவரியில், ஏழு மாநிலங்கள் மூட்டை கட்டிப் போன பிறகு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கட்டுரையை முடித்ததும் மகளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா