அடிமண்ணில் வேர் இறங்கவில்லை: பி.எச்.-ஐ மாற்றாத ஜிப்சம் எப்படி உதவும்?

கேள்வி: எங்களுடையது அமில நிலம். சுண்ணாம்பு போட்டு மேல்மண்ணின் பி.எச். 6-க்கு வந்துவிட்டது. ஆனாலும் பத்து நாள் மழை இல்லையென்றால் மக்காச்சோளம் வாடிவிடுகிறது. தோண்டிப் பார்த்தால் வேர் ஒரு சாணுக்குக் கீழே போகவில்லை. நுனி தடித்துப் பழுப்பாக இருக்கிறது. அடிமண்ணின் பி.எச். 4.6. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். அது பி.எச்.-ஐ ஏற்றாது என்கிறார்களே, பிறகு எதற்கு? களர் நிலத்துக்குப் போடுவதுதானே ஜிப்சம்?

பதில்: வேர்நுனியைத் தோண்டிப் பார்த்து எழுதியது மிக நல்லது. பாதி விடை அதிலேயே இருக்கிறது. தடித்து, பழுப்பேறி, பக்கவேர் விடாமல் நிற்கும் நுனி பெரும்பாலும் அலுமினியம் தாக்கியதன் அடையாளம்.

களிமண்ணில் அலுமினியம் எப்போதும் உண்டு. பி.எச். 5-க்குக் கீழே இறங்கும்போது, அதாவது அமிலம் கூடும்போது, அது கரைந்து, மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனியாக மண்நீரில் வந்துவிடுகிறது. வேர்நுனியின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. அதனால் மூன்று சுமை உள்ள அயனியை அது பலமாக இழுத்துக்கொள்கிறது. சில மணி நேரத்துக்குள் நுனி நீள்வது நின்றுவிடும்.

நீங்கள் போட்ட சுண்ணாம்பு ஏன் கீழே எட்டவில்லை? வயலுக்குப் போடும் சுண்ணாம்புத்தூள் (கால்சியம் கார்பனேட்) தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும்: சுத்தமான நீரில் லிட்டருக்கு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு அளவுதான். கரைந்ததும் மேல்மண்ணின் அமிலத்தோடு வினைபுரிந்து அங்கேயே செலவாகிவிடுகிறது. ஜிப்சம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் கரையும். மழைநீரோடு தானாகவே கீழே இறங்கும்.

சரி, இறங்கி என்ன செய்கிறது? இங்கேதான் அயனி இணை என்ற விஷயம் வருகிறது. உப்பு கரைந்தால் அதன் நேர் அயனியும் எதிர் அயனியும் பிரிந்து தனித்தனியே திரியும் என்று பள்ளியில் படித்திருப்போம். முழு உண்மை அதுவல்ல. எதிரெதிர் சுமை கொண்ட இரண்டு அயனிகள் போதிய அளவு நெருங்கினால், நீரிலேயே ஒட்டிக்கொண்டு ஒரே துகள் போல நடமாடும். படிவாகக் கீழே தங்காது. கரைசலும் தெளிவாகவே இருக்கும். கணத்தில் பிரியும், மறுபடி சேரும். டென்மார்க் வேதியியலாளர் நீல்ஸ் பியரம் 1926-இல் இதற்குக் கணக்கு வகுத்தார். சோடியம், குளோரைடு போன்ற ஒற்றைச் சுமை அயனிகள் நீரில் இப்படி அதிகம் சேர்வதில்லை. சுமை இரண்டு, மூன்று என்று ஏறினால் இணைவது வெகுவாகக் கூடும். கடல்நீரில் உள்ள சல்பேட்டில் ஏறக்குறைய பாதி இப்படி ஜோடி சேர்ந்துதான் இருக்கிறது. நம் உடலிலும் பயிரிலும் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. கூட பெரும்பாலும் மெக்னீசியத்தோடு சேர்ந்தபடிதான் வேலை செய்கிறது.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதிலிருந்து வரும் சல்பேட்டுக்கு இரண்டு எதிர்மின்சுமை. அது அலுமினியத்தோடு சேர்ந்தால் மூன்றில் இரண்டு கழிந்து, ஒரே ஒரு நேர்மின்சுமைதான் மிஞ்சும். இந்த இணையை வேர்நுனி அவ்வளவாக இழுப்பதில்லை. 1980-களில் கோதுமை நாற்றுகளைக் கரைசலில் வளர்த்துச் செய்த சோதனைகளில், தனி அலுமினிய அயனி வேரை நிறுத்தியது. சல்பேட்டோடு சேர்ந்த அலுமினியம் அப்படிக் கெடுக்கவில்லை. ஆகவே ஜிப்சம் போட்ட பிறகு மண்நீரின் மொத்த அலுமினிய அளவு குறையவில்லையே என்று கலங்காதீர்கள். கால்சியம் களிமண்ணிலிருந்து அலுமினியத்தைத் தள்ளிவிடுவதால் அந்த அளவு சில சமயம் கூடவும் செய்யும். வேருக்கு முக்கியம், அது எந்த உருவில் இருக்கிறது என்பதுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு, என் பார்வையில் அதுவும் இதே அளவு பெரிது. வேர்நுனிக்கு வேண்டிய கால்சியத்தை இலையிலிருந்து கீழே அனுப்பச் செடியால் முடியாது. நுனி இருக்கும் இடத்து மண்ணிலேயே கால்சியம் இருக்க வேண்டும். ஜிப்சம் நிறைந்த கரைசலில் கால்சியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சல்பேட்டோடு இணைந்து, சுமையே இல்லாமல் இருக்கும். சுமை இல்லாததைக் களிமண் பிடித்துவைக்காது. அதனால் எளிதாக அடிமண்ணை எட்டும். (நீரின் மின்கடத்துதிறனை வைத்து உப்பை அளக்கும் ஈ.சி. மீட்டரும் இந்தச் சுமையற்ற இணைகளைக் காட்டாது. ஜிப்சம் உள்ள நீரில் உப்பு உண்மையில் மீட்டர் காட்டுவதைவிடச் சற்றுக் கூடுதல்.)

ஆனால் இதே வழியில் மெக்னீசியமும் சல்பேட்டோடு ஜோடி சேர்ந்து கீழே போய்விடும். ஜிப்சத்தை அளவில்லாமல் கொட்டி மெக்னீசியப் பற்றாக்குறையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை சாதாரணச் சுண்ணாம்புக்குப் பதில், மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்பான டோலமைட் போடுவது இதற்கு நல்ல காப்பு. மணல் பாங்கான நிலத்தில் பொட்டாசியமும் அரித்துக்கொண்டு போகும்.

களர் நிலத்தில் நடப்பது வேறு. அங்கே ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளுகிறது, சோடியம் நீரோடு வடிந்துபோகிறது. பொருள் ஒன்று, வேலை இரண்டு.

இனி செய்ய வேண்டியது: 20 முதல் 40 செ.மீ. ஆழத்து மண்ணைத் தனியாகச் சோதனைக்கு அனுப்புங்கள். அறிக்கையில் அலுமினியச் செறிவு (களிமண் பிடித்துவைத்திருக்கும் நேர் அயனிகளில் அலுமினியத்தின் பங்கு) 20 சதவீதத்துக்கு மேல், அல்லது கால்சியம் கிலோ மண்ணுக்கு 0.5 சென்டிமோலுக்கு (ஆய்வக அலகு) கீழ் என்று வந்தால் ஜிப்சம் போடலாம். பிரேசிலின் செராடோ அமில நிலங்களில் பருவப் பயிர்களுக்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: களி சதவீதத்தை 50-ஆல் பெருக்கினால் எக்டேருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். களி 40 சதவீதம் என்றால் 2,000 கிலோ. மேலே தூவினால் போதும், உழுது கலக்கத் தேவையில்லை. மேல்மண்ணுக்குச் சுண்ணாம்பை நிறுத்திவிடாதீர்கள். அந்த வேலையை ஜிப்சம் செய்யாது.

நல்ல மழை பெய்து கரைந்து இறங்க நேரம் வேண்டும். முதல் பருவத்திலேயே மாற்றம் தெரியாமல் போகலாம். அடுத்த பயிர் பூக்கும் சமயத்தில் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி தோண்டி, ஒரு சாணுக்குக் கீழே வெள்ளையான மெல்லிய நுனிகள் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.